உறுமல் கச்சேரி

திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு மருந்துக்கடையின் மாடியில் பிரவுசிங் சென்டர் ஒன்று இருந்தது. பிளைவுட் தடுப்பு வைத்த கேபின்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர், காதுப் பஞ்சு கிழிந்த ஒரு ஹெட்போன். 2005 கோடையில், பொறியியல் கல்லூரி திறப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்த நாட்களில், கிடார் பாடங்கள் தேடி அங்கே போவேன். மஞ்சக்குப்பத்தில் எங்கள் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கிடார் வாசிப்பவன் நான். வாசிக்கத் தெரிந்தவை எல்லாம் கீர்த்தனைகள். கேட்டுக்கொண்டிருந்தவை வேறு.

ஒருநாள் பக்கத்து கேபினிலிருந்து கட்டிப்போட்ட நாய் உறுமுவதுபோல ஒரு சத்தம் வந்தது. நிற்கிற மாதிரி இல்லை. கடைக்காரர் எழுந்து வந்து தடுப்பைத் தட்டினார்.

"யாருடா அது? வாந்தி வந்தா வெளிய போய் எடுடா. கம்ப்யூட்டர் மேல எடுத்துடாத."

"வாந்தி இல்லண்ணே, பாட்டுண்ணே" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். சாதாரணமான, கொஞ்சம் கூச்சப்பட்ட குரல்.

எட்டிப் பார்த்தேன். ஒல்லியாக, என் வயதுதான், தலையில் ஹெட்போன். தான் இவ்வளவு சத்தமாகப் பாடியது அவனுக்கே தெரிந்திருக்கவில்லை. திரையில் ஓடிக்கொண்டிருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மெட்டல் குழுவின் நிகழ்ச்சி, கிடார் அலற ஆள் உறுமுகிற ரகம். கடலூரில் என்னைத் தவிர இன்னொருவன் இதையெல்லாம் கேட்பான் என்று நான் நினைத்ததே இல்லை. அன்று மாலையே கெடிலம் பாலம் வரை பேசிக்கொண்டே நடந்தோம்.

அவன் தேவனாம்பட்டினம். மெட்டல் அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன்.

"எங்க ஊருக்கு வூடு கட்டிக் குடுக்க வெள்ளைக்காரங்க வந்தாங்கல்ல, அதுல ஒருத்தன். கையெல்லாம் பச்சை குத்தியிருப்பான். மண்ணு வாரும்போதும் காதுல எம்பி3 பிளேயர மாட்டிக்கினுதான் வாருவான். ஊருக்குப் போவும்போது எங்கிட்ட குடுத்துட்டுப் போய்ட்டான். அதுல இந்தப் பாட்டுதான் இருந்துச்சி. வேற பாட்டு எப்பிடி ஏத்தறதுன்னு எனக்குத் தெரியல."

அரிசி, பாய், பாத்திரம் என்று நிவாரணமாக வந்த பொருட்களோடு அதுவும் அவனிடம் வந்து சேர்ந்தது. அவனுடைய அப்பா சுனாமி அன்று காலையில் கரையில் வலை தைத்துக்கொண்டிருந்தார் என்பதும், திரும்பவில்லை என்பதும் எனக்கு வேறு ஒருவர் சொல்லித்தான் தெரியும். அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவன் அம்மா மீன் ஏலம் கூறுபவர். அதிகாலையில் படகு வந்ததும் கரையில் நின்று அவர் விலை கூவினால் வெள்ளி கடற்கரை வரைக்கும் கேட்கும். அவனுக்கு அந்தத் தொண்டை அங்கிருந்து வந்திருக்க வேண்டும்.

அந்த வருடம் சிதம்பரத்தில் பொறியியல் சேர்ந்தேன். விடுதியில் என் பக்கத்து அறைக்காரன் லால்பேட்டைப் பையன். பள்ளியில் அணிவகுப்பு பேண்டில் டிரம் அடித்தவன். சாப்பாட்டு மேசை, வகுப்பு பெஞ்சு, முன்னால் உட்கார்ந்திருப்பவன் முதுகு, எதையும் விடமாட்டான். என் ஹெட்போனை அவன் காதில் வைத்தேன். பாதிப் பாட்டில் கழற்றிவிட்டு, "மச்சான், இவனுக்கு எத்தினி காலுடா?" என்று கேட்டான். பெரிய டிரம்மை இரண்டு காலாலும் மாறி மாறி அடிக்க டபுள் பெடல் என்று ஒன்று இருப்பதை நான் விளக்கினேன். அதற்குப் பிறகு பல மாதங்கள் அவன் உட்கார்ந்த இடத்திலெல்லாம் இரண்டு காலாலும் தரையை மிதித்துக்கொண்டே இருந்தான்.

இப்படி மூன்று பேர் சேர்ந்தோம். நான் கிடார், லால்பேட்டைக்காரன் டிரம்ஸ், தேவனாம்பட்டினத்துக்காரன் குரலும் பேஸ் கிடாரும். பேஸ் அவனுக்கு நான்தான் பழக்கினேன். எனக்கே அரைகுறை.

பயிற்சிக்கு இடம் கிடைத்தது தேவனாம்பட்டினத்தில். சுனாமிக்குப் பிறகு யாரோ கட்டிக்கொடுத்த வலைக்கூடம் அது. தகரக் கூரை, மூன்று பக்கம் திறந்திருக்கும். நானும் டிரம்மரும் சனிக்கிழமை சிதம்பரத்தில் பஸ் ஏறுவோம். ரயில் பாதையை அகலமாக்குகிறேன் என்று பெயர்த்துப் போட்டிருந்த காலம், அதனால் எல்லாம் பஸ்தான். ஆனால் இரவில் கடலுக்குப் போய் வந்தவர்கள் பகலில் தூங்க வேண்டும். நாங்கள் ஆரம்பித்த ஐந்தாவது நிமிடம் யாராவது துண்டை உதறிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

"டேய், ஊட்ல மனுசன் தூங்க வேணாமா? எவன்டா அவன் ஓலம் வுடறது?"

மீன்பிடித் தடைக்காலம் வந்தபோதுதான் எங்களுக்கு விடிந்தது. படகெல்லாம் கரையில். ஆண்களெல்லாம் வலைக்கூடத்தில். வலை தைத்துக்கொண்டே எங்களைக் கேட்டார்கள். வேறு வழியும் அவர்களுக்கு இல்லை. எங்கள் பாட்டைக் கேட்ட முதல் ஜனங்கள் அவர்கள்தான். ஒரு பாட்டு முழுவதையும் வாசித்து முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தோம். மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு மாமா ஊசியை நிறுத்திவிட்டு, மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

"சுதி சேக்கறது முடிஞ்சிதா? பாட்டு எப்ப?"

அந்தத் தடைக்காலம் முடிவதற்குள் அவரே டிரம்ஸ் தப்பானால் தலையைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

முதல் மேடை எங்கள் கல்லூரி விழா, மூன்றாம் ஆண்டில். பரதநாட்டியத்துக்கும் மிமிக்ரிக்கும் நடுவில் எங்களைப் போட்டிருந்தார்கள். அறிவிப்பாளர் எங்கள் குழுவின் பெயரை இரண்டு முறை தப்பாகச் சொன்னார். ஆரம்பித்தோம். பாடகன் வாயைத் திறந்து உறுமிய அடுத்த நொடி ஸ்பீக்கர்கள் செத்துப்போயின. விளக்குகளும் போயின. மைக் செட் வைத்திருந்தவர் ஓடிவந்தார். பாக்ஸ் கிழிந்துவிட்டது என்று பயந்து மெயினையே இறக்கியிருந்தார். ஸ்பீக்கரில் கைவைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "பாக்ஸ் நல்லாதான் இருக்கு. அப்ப சத்தம் எங்கேருந்து வந்துச்சி?" என்றார். பாடகன் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினான். கூட்டம் சிரித்தது. அடுத்து மிமிக்ரிக்காரர் ஏறி எங்களையே மிமிக்ரி செய்து கைத்தட்டல் வாங்கினார். அன்றிலிருந்து கல்லூரியில் எங்கள் நிகழ்ச்சிக்குப் பெயர் உறுமல் கச்சேரி.

எனக்கு அவமானமாக இருந்தது. பாடகனுக்கு அப்படியில்லை. நானும் டிரம்மரும் படித்துக்கொண்டே ஆசைக்கு வாசித்தோம். அவன் பள்ளியை முடித்துவிட்டுக் காலையில் அம்மாவுக்காக மீன் கூடை தூக்கிக்கொண்டிருந்தான். இதுதான் தொழில் என்று அவன் முடிவு செய்துவிட்டிருந்தான். விடாமல் மேடையேறுகிறவனுக்கு ஒருநாள் மேடை நிலைக்கும் என்பது அவன் கணக்கு. எந்த ஊரில் யார் கூப்பிட்டாலும் போகலாம் என்பான். கூப்பிடாவிட்டாலும் கேட்கலாம் என்பான்.

அப்படிக் கேட்டுக் கிடைத்ததுதான் கீரப்பாளையம் வரவேற்பு. எங்கள் வகுப்புத் தோழன் ஒருவனுடைய அக்கா கல்யாணம். இன்னிசைக் கச்சேரிக்காரர்கள் கடைசி நேரத்தில் வரவில்லை. தோழன் எங்களைக் கைகாட்டிவிட்டான். பெண்ணின் தாய்மாமன் வாசலில் எங்களை நிறுத்தி விசாரித்தார்.

"மெட்டல் பேண்டுன்னு சொன்னான் பையன். மெட்டல்னா என்னா தம்பி, ரோட்டுக்குப் போடுவாங்களே ஜல்லி, அதுவா?"

"அது மாதிரிதான் மாமா, கொஞ்சம் கரகரன்னு இருக்கும்" என்றான் டிரம்மர்.

ரோஜா அலங்காரத்துக்கு முன்னால், மாப்பிள்ளையும் பெண்ணும் பரிசுப் பொட்டலங்களை வாங்கிக்கொண்டிருக்க, நாங்கள் எங்கள் முதல் பாட்டை வாசித்தோம். முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. பந்தியிலிருந்து சிலர் இலையை விட்டு எழுந்து வந்து பார்த்தார்கள். பாட்டு முடிந்ததும் தாய்மாமன் மேடைக்கு ஏறி என் காதருகே குனிந்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு தம்பி. நிறுத்திக்கலாமா?"

டிரம்மர்தான் காப்பாற்றினான். ஒரு வார்த்தையும் பேசாமல் கல்யாண ஊர்வல அடியை எடுத்தான். மாப்பிள்ளையின் நண்பர்கள் துள்ளிக்கொண்டு வந்தார்கள். நான் தெரிந்த சினிமா மெட்டுகளையெல்லாம் கிடாரில் இழுத்தேன். மண்டபமே ஆடியது. சாப்பாடு போட்டு, வெற்றிலை பாக்குப் பையும் கொடுத்து அனுப்பினார்கள்.

சிதம்பரத்துக்குப் பஸ் வரும் வரை வயல் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தோம். பாடகன் வெற்றிலை பாக்குப் பையைச் சுழற்றிக்கொண்டு வயலையே பார்த்திருந்தான். மனம் வருந்துகிறான் போலிருக்கிறது என்று நினைத்து, "வுடுடா, அவுங்களுக்கு என்னா தெரியும்" என்றேன்.

"அதில்லடா. காலேஜுல பாதியில புடுங்கிட்டாங்க. இங்க மொத பாட்ட முழுசா வுட்டாங்களேடா."

சந்தோஷமாக இருந்திருக்கிறான்.

பாண்டிச்சேரியில் ஒரு போட்டி, விழுப்புரத்தில் ஒரு கல்லூரி, மறுபடி பாண்டிச்சேரி. எங்கும் பரிசு இல்லை. ஆனால் பாண்டிச்சேரியில் எங்களைக் கேட்ட ஒருவர் சென்னையில் சின்ன அரங்கு ஒன்றில் நிகழ்ச்சி நடத்துபவர்களிடம் சொல்ல, 2008-இல் அங்கே கூப்பிட்டார்கள்.

அந்த அரங்கில் கதவைத் திறந்ததும் நாங்கள் மூவரும் அப்படியே நின்றுவிட்டோம். கறுப்பு டீ-சர்ட், கறுப்பு டீ-சர்ட், எங்கு பார்த்தாலும். பெண்களும் இருந்தார்கள். எங்களைப் போல இத்தனை பேரா! மேடையேறினோம். இரண்டாவது பாட்டின் நடுவில் கூட்டம் திடீரென்று பிளந்தது. நடுவில் பத்துப் பதினைந்து பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் பாய்ந்து மோதினார்கள். டிரம்ஸ் நின்றது.

"மச்சான், அடிச்சிக்கிறானுங்கடா!" என்று பின்னாலிருந்து கத்தினான் லால்பேட்டைக்காரன். குச்சியைப் போட்டுவிட்டு, விலக்கிவிட எழுந்தே விட்டான்.

முன்னால் நின்ற ஒரு பையன், மூக்கில் ரத்தம் ஒழுக, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு கத்தினான்: "ஏண்ணா நிறுத்துன? அடிண்ணா!"

சண்டை இல்லை, ஆட்டம். ஒருவன் கீழே விழுந்தால் நாலு பேர் கைகொடுத்துத் தூக்கினார்கள். அதைப் பார்த்துப் புரிந்துகொண்ட பிறகு டிரம்மர் அடித்த அடி இருக்கிறதே, அதுவரை அவன் அப்படி அடித்ததே இல்லை.

கீழே இறங்கியதும் ஒரு பெண் வந்து பாடகனைப் பாராட்டிவிட்டு, "அந்த ரெண்டாவது பாட்டுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டாள்.

"தெரியலங்க" என்றான்.

அவள் விளையாட்டாகச் சொல்கிறான் என்று நினைத்துச் சிரித்தாள். அவன் உண்மையைத்தான் சொன்னான். நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்ததைக் காதால் மனப்பாடம் செய்து உறுமிக்கொண்டிருந்தான். நான் எழுதியதும் பெரிய எழுத்து ஒன்றுமில்லை. கேட்ட பாட்டுகளிலிருந்து இருட்டு, ரத்தம், நரகம் என்று பொறுக்கிச் சேர்த்தது. ஊர் திரும்பும் பஸ்ஸில் திண்டிவனம் தாண்டிய பிறகு சொன்னான்:

"எனக்கே தெரியாதத கத்திக்கினு இருக்கேன்டா. ஒரு பொண்ணு கேட்டா பதில் சொல்ல வரல."

அடுத்த மாதம் பயிற்சிக்கு வந்தபோது தமிழில் ஒரு பாட்டு வைத்திருந்தான். தாளில் இல்லை, தலையில். கடல் ஊருக்குள் வந்த காலையைப் பற்றியது. உறுமலில் வார்த்தை எதுவும் பிடிபடாது. எங்களுக்காக மெல்ல ஒருமுறை சொன்னான். அதில் இரண்டு வரி:

வலை கிழிஞ்சா தைச்சுக்கலாம்
ஊசி புடிச்ச கை எங்க?

டிரம்மர் எழுந்து வெளியே போய் மணலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான். பிறகு மூன்று பேரும் அந்தப் பாட்டுக்கு இசை போட்டோம். அதிலிருந்து எங்கள் பாட்டுகள் எல்லாம் தமிழ்தான். கேட்டவர்களுக்கு வித்தியாசம் உடனே தெரிந்தது என்று சொல்ல முடியாது. எங்களுக்குத் தெரிந்தது. கை வேறு மாதிரி விழுந்தது.

படிப்பு முடியும் வருடம், 2009 கோடையில், வெள்ளி கடற்கரையில் விழா மேடை போட்டிருந்தார்கள். உள்ளூர்ப் பையன்கள் என்று எங்களுக்கும் ஓர் இடம். மேடை தேவனாம்பட்டினத்தை ஒட்டியே இருந்ததால் ஊரே வந்திருந்தது. வலைக்கூடத்து மாமாக்கள் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்திலிருந்தவர்களிடம் "இது சுதி இல்ல, பாட்டே இதுதான்" என்று விளக்கிக்கொண்டிருந்தார்கள். மகன் பாடி அதுவரை கேட்டேயிராத அவன் அம்மாவும் வந்திருந்தார். ஏலக்கரைப் பெண்களோடு பின்னால் நின்றார். சாயங்கால வெளிச்சத்தில் மேடையிலிருந்து அவர் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. மகன் வாயைத் திறந்ததும் அவர் கை தானாகத் தன் தொண்டைக்குப் போனது. பாட்டு முடியும் வரை கையை எடுக்கவில்லை.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்தார். நாங்கள் வயர் சுற்றிக்கொண்டிருந்தோம். மகனைத் தலை முதல் கால் வரை பார்த்தார், எங்காவது அடிபட்டிருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

"தொண்ட வலிக்குதாடா?"

"இல்லம்மா."

"அதுல என்னா சொன்ன நீ? ஒண்ணும் வெளங்கல."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு மணலில் உட்கார்ந்தான். அவரும் உட்கார்ந்தார். மெட்டும் உறுமலும் இல்லாமல், பக்கத்தில் இருப்பவரிடம் வழி சொல்வதுபோல, அந்தப் பாட்டின் வார்த்தைகளை முதலிலிருந்து கடைசி வரை சொன்னான். அவர் கடலைப் பார்த்தபடி கேட்டார்.

"இத இப்பிடியே சொல்லியிருக்கலாம்ல. ஏன் அப்பிடி கத்தின?"

"இப்பிடி சொல்ல வரலம்மா. இத்தினி வருஷமா வரல."

அவர் அழவில்லை. முந்தானையால் மகனின் கழுத்து வியர்வையைத் துடைத்தார். எழுந்து இரண்டடி போனவர் திரும்பி வந்தார்.

"ஊசிய அவுரு எடது கையிலதான் புடிப்பாரு. ஊர்ல வேற யாரும் அப்பிடி புடிக்க மாட்டாங்க. அத்தயும் சேத்துக்க."

சேர்த்துக்கொண்டான். அதற்குப் பிறகு அந்தப் பாட்டில் 'கை' என்பது 'எடது கை' ஆனது.

நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த காரியம் இரண்டு வேலைகளால் தடைப்பட்டது. எனக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை கிடைத்தது. டிரம்மருக்கு அவன் அத்தா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவான், துபாயிலிருந்து விசா அனுப்பினார். லால்பேட்டையில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருப்பார்கள். அவன் போகாமல் இருக்க முடியும் என்று அவனே நினைத்ததில்லை. அவன் டிரம்ஸ் வாசிப்பது அவன் அம்மாவுக்குத் தெரியும், அத்தாவுக்குத் தெரியாது.

"தங்கச்சி நிக்காஹ் இருக்குடா மச்சான். ரெண்டு வருஷம். இன்ஷா அல்லாஹ் வந்துடுவேன். அது வரைக்கும் டிரம்ஸ வித்துடாதீங்க" என்றான், சிதம்பரம் பஸ் நிலையத்தில்.

அவனுக்குப் பதிலாக லேப்டாப்பில் டிரம்ஸ் ஓட்டி நானும் பாடகனும் இரண்டு பேராக வாசித்தோம். சனிக்கிழமை கடலூர், ஞாயிறு எங்காவது மேடை, திங்கட்கிழமை காலை அலுவலகம். இயந்திரம் தப்பே செய்யாது. அதுதான் அதில் சிக்கல். பாடகன் ஒரு வரியை உணர்ச்சி வேகத்தில் நீட்டினால் டிரம்மர் அவனுக்காகக் காத்திருப்பான், லேப்டாப் காத்திருக்காது. கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் நடுப்பாட்டில் கரண்டு போய், எல்லாம் அணைந்து, பேட்டரியில் லேப்டாப் திரையில் மட்டும் தாளம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது. அன்று அவன் மைக் இல்லாமலேயே மிச்சப் பாட்டையும் பாடி முடித்தான். எனக்கு அலுத்திருந்தது. அவனுக்கு அலுக்கவே இல்லை.

2011 முடியும் நேரத்தில் புயல் கடலூரைக் கடந்தது. சென்னையிலிருந்து மெழுகுவர்த்தி, பால் பவுடர், தண்ணீர் கேன்களோடு நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது வழியெல்லாம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. மின்கம்பங்கள் வயலில் படுத்திருந்தன. என் பெற்றோர் நலமாக இருப்பதைப் பார்த்துவிட்டு தேவனாம்பட்டினம் போனேன். வலைக்கூடத்துக்குக் கூரை இல்லை. தகரம் எங்கோ போயிருந்தது. உள்ளே டிரம்ஸ் நசுங்கியும், கிடாருக்குச் சத்தம் தரும் ஆம்ப் பெட்டி மழைநீரிலும் கிடந்தன. பாடகன் தன் கான்கிரீட் வீட்டில் மூன்று குடும்பங்களைத் தங்கவைத்து, முற்றத்தில் எல்லோருக்குமாகக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தான்.

"பாட்ட வுட்டுடலாம்னு இருக்கேன்டா" என்றான், என்னைப் பார்க்காமல். "மீன் புடிக்க போட்டுல போறேன்னு மாமாகிட்ட சொல்லிட்டேன்."

நான் அவனுக்கு ஒரு செய்தி கொண்டு வந்திருந்தேன். அவன் செல்போனில் சார்ஜ் இல்லாததால் வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது. பெங்களூரில் திறந்தவெளி மெட்டல் விழா ஒன்றுக்கு நாங்கள் பதிவு அனுப்பியிருந்தோம். எங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். முதல் குழுவாக, மதிய வெயிலில், அரை மணி நேரம்.

அவன் சிரித்தான். "எதுல வாசிப்ப? எல்லாம் ஊறிக் கெடக்கு."

"அங்க எல்லாம் இருக்கும். நாம போனா போதும்."

"லேப்டாப்ப வெச்சிக்கினு அங்க ஏற மாட்டேன்."

லேப்டாப் தேவைப்படவில்லை. விழாவுக்கு முந்தின வாரம் எங்கள் டிரம்மர் கல்யாணத்துக்காக விடுப்பில் ஊருக்கு வந்தான். மாப்பிள்ளையே அவன்தான். அவன் அத்தாவும் வந்திருந்தார்.

வலீமா என்ற கல்யாண விருந்துக்கு நாங்கள் இருவரும் லால்பேட்டை போனோம். பிரியாணி சாப்பிட்டு, கை கழுவி, கூட்டம் குறைந்த பிறகு, புது மாப்பிள்ளைச் சட்டையோடு அவன் எங்களைக் கூட்டிக்கொண்டு போய் அத்தாவின் முன் நின்றான். எல்லாவற்றையும் சொன்னான். கல்லூரி, கீரப்பாளையம், சென்னை, இப்போது பெங்களூர். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முகத்திலிருந்து எதுவும் தெரியவில்லை.

"அங்க குடிப்பாங்களா?"

"குடிப்பாங்கத்தா."

"நீ?"

"இல்லத்தா. இவனுங்களும் மேடைக்கு முன்னாடி தொட மாட்டானுங்க."

அவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் தலையாட்டினோம்.

"அஸர் தொழுகைக்கு எங்க இருப்ப?"

"எங்களது மதியமே முடிஞ்சிடும்த்தா. மேடைக்குப் பின்னாடி எடம் இருக்கும்."

அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்துக்கொண்டார். உள்ளே பெண்கள் பாத்திரங்களை எடுத்துவைக்கும் சத்தம் கேட்டது.

"எனக்கு இது பிடிக்கல. பிடிச்சிருக்குன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா இத்தினி வருஷம் நான் அனுப்புன காசுல ஒரு நாள்கூட நீ தப்பா போவல. போயிட்டு வா. அந்தப் புள்ளகிட்டயும் சொல்லிட்டுப் போ."

புதுப்பெண்ணிடம் அவன் என்ன சொன்னானோ தெரியாது. திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. "டிவில வருமான்னு கேக்குறா மச்சான்" என்றான்.

பாதி நாள் கரண்டு இல்லாத வருடம் அது. சிதம்பரத்தில் ஒரு நண்பனின் அறையில், வயரைச் செருகாத கிடாரிலும், அடுக்கிய தலையணைகள்மேல் குச்சியாலும் ஒத்திகை பார்த்தோம். பாடகன் மட்டும் முழுக் குரலில் உறுமினான். கீழ்வீட்டுக்காரர்கள் இரண்டு முறை மேலே வந்து யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்தார்கள்.

பெங்களூரில் மைதானம் பெரியது. மதியத்தில் கால்வாசிதான் நிறைந்திருந்தது. மற்றவர்கள் இன்னும் வாசலில் வரிசையில் நின்றார்கள். மேடைக்காரர்கள் எங்கள் ஒலியைச் சரிபார்த்தபோது என் கிடார் என் நெஞ்செலும்பில் அதிர்ந்தது. என் வாழ்க்கையில் என் கிடாரை அப்படி நான் கேட்டதில்லை. பாடகன் மைக்கின் முன் நின்று, ஆங்கிலம் வராமல், "நாங்க கடலூர். கடல் பக்கம்" என்றான் தமிழில். கூட்டத்தில் எங்கோ தமிழ் தெரிந்த யாரோ விசிலடித்தார்கள். ஆரம்பித்தோம்.

ஒவ்வொரு பாட்டுக்கும் ஆட்கள் ஓடி வந்துகொண்டே இருந்தார்கள். வாசலில் டிக்கெட்டைக் காட்டிவிட்டு, ஓட்டமாக. அவன் அப்பாவின் பாட்டைக் கடைசியாக வைத்திருந்தோம். ஊசி வரும் வரியை அவன் நீட்டினான், வழக்கத்தைவிட நீளமாக. நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். டிரம்மர் குச்சிகளைத் தூக்கிப் பிடித்தபடி, அவன் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தான். குரல் அடங்கிய நொடியில் டிரம்ஸும் பேஸும் ஒன்றாக விழுந்தன. முன்னால் தலைகள் எல்லாம் ஒரே வீச்சில் குனிந்தன. நான் வாசித்துக்கொண்டே அழுதேன், வியர்வையோடு வியர்வையாக யாருக்கும் தெரியவில்லை.

சொன்னபடி டிரம்மர் மேடைக்குப் பின்னால் ஒரு பேனர் துணியை விரித்து அஸர் தொழுதான். அவன் முடிக்கும் வரை வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்த இரண்டு குழுக்காரர்கள் பெட்டிகளைத் தள்ளாமல் ஓரமாக நின்றார்கள். அவர்களில் ஒருவன் பிறகு, நான் மொழிபெயர்க்க, பாடகனிடம் பேசினான். அங்கே மலையூர்களில் மெட்டலுக்குச் சர்ச் மைதானங்களே நிறையும் என்றும், மழை முடிந்ததும் ஊர் ஊராகப் போகப்போகிறோம், மூன்று பேரும் வாருங்கள் என்றும் கூப்பிட்டான்.

டிரம்மருக்கு விடுப்பு முடிகிறது. நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பெங்களூரிலிருந்து கடலூர் வரும் வரை யோசித்தேன். அப்பா அந்த வருடம் ஓய்வு பெறுகிறார், தம்பி இன்னும் படிக்கிறான். இவையெல்லாம் உண்மையான காரணங்கள். இன்னொன்றும் உண்மை. நான் வாங்க வேண்டியதை அந்த அரை மணி நேரத்தில் வாங்கிவிட்டேன் என்று எனக்குத் தோன்றியது. அவனுக்கு அது ஆரம்பம்.

"நீ போடா" என்றேன். என் கிடாரையும் அவனிடமே கொடுத்தேன். அங்கே வாசிப்பவனுக்குக் கொடு என்றேன். வாங்கிக்கொண்டான். கோபித்துக்கொள்ளவில்லை. என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான், அவ்வளவுதான்.

மழை முடிந்ததும் போனான். அங்கே வேறு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, எங்கள் தமிழ்ப் பாட்டுகளையே பாடினான். மொழியே தெரியாத ஊர்களில் வாய்க்கு வந்ததைப் பேசிச் சமாளித்தான். சில மாதங்கள் சாப்பாட்டுக்கே திண்டாட்டம் என்று பிறகு சொன்னான். வண்டியின் பின்பக்கம் ஆம்ப் பெட்டி மேல் படுத்துத் தூங்கி, ஊர் ஊராகப் போய், மெல்ல மெல்ல அது தொழிலாகவே ஆனது. டிரம்மர் துபாயில் இருந்து அவன் நிகழ்ச்சி வீடியோக்களைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்வான். "டிரம்ஸ் அடிக்கிறவன் பரவால்லடா. ஆனா காத்திருக்க மாட்டேங்கிறான்" என்பான்.

இரண்டு வருடம் கழித்து ஒரு டிசம்பரில் விடுமுறைக்கு ஊர் வந்தபோது, காலையில் மீன் வாங்க தேவனாம்பட்டினம் போனேன். ஏலம் முடிந்து, அவன் அம்மா சங்கரா மீனைக் கூறு கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பக்கத்தில் நின்ற வெளியூர்க்காரரிடம், "இந்தத் தம்பியும் எம்புள்ளகூட வாசிச்சதுதான். எம்புள்ள பாட்டுக்காரன்" என்றார்.

"அப்பிடியா? எந்தப் படத்துல பாடியிருக்காரு?" என்று கேட்டார் அவர்.

"படத்துலல்லாம் இல்லிங்க" என்றார் அம்மா, தராசைத் தூக்கிக்கொண்டே. "நேர்ல போயி நின்னாதான் கேக்க முடியும்."